ஒளிப்பெட்டியும் கைக்கடிகாரமும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைத் தாண்டி, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று அடுத்தடுத்து வரும் ஊர்களைக் கடந்தால், களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. ஆகவே டில்லிக்கும் மும்பைக்கும் ரயிலேறிச் சென்று நம்மில் பலர் அடைந்த நிலையை, இவ்வூர்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் வாசற்படியை விட்டு இறங்காமலே அடைந்தார்கள்: தமிழ் பேசிக்கொண்டே வேறு மாநிலத்தவர் ஆனார்கள்.

இவ்வூர் வீடுகளின் மர அலமாரிகளைத் திறந்து பார்த்தால், பத்திரக் கட்டுகளுக்கும் பழைய கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே, வார் அறுந்த கைக்கடிகாரம் ஒன்று கிடப்பதைப் பெரும்பாலும் காணலாம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர் வீடாயின் அது சீக்கோவாகவோ சிட்டிசனாகவோ இருக்கும். பள்ளி ஆசிரியர், தபால் அலுவலர், போக்குவரத்துத் தொழிலாளி வீடாயின் அநேகமாக எச்.எம்.டி.யாக இருக்கும். ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசாங்க நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடைய ஒத்துழைப்புடன் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1961இல். ஜனதா, பைலட், காஞ்சன், சோனா என்ற பெயர்களை ஒரு தலைமுறை முழுவதும் மறக்கவில்லை. முதற் சம்பளத்திற்கும், கல்யாணத்திற்கும், ஓய்வு பெறும் நாளுக்கும் அக்காலத்தில் கைக்கடிகாரமே பொருத்தமான பரிசு. பின்னர், 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் கூட்டாக டைட்டனைத் தோற்றுவித்தன. ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. பாட்டரியால் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் சாவி கொடுக்கும் கடிகாரத்தைப் பின்தள்ளிற்று. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

இனி வராது என்றதும் பழையதற்கு மதிப்பு ஏறுவது உலக இயல்பு. சேகரிப்போர் தேடத் தொடங்கினர். தேட்டம் பெருகவே கலப்படமும் பெருகிற்று. பழைய முகப்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வண்ணம் பூசி எழுத்துப் பதிப்பது, ஒரு கடிகாரத்தின் மெஷினை இன்னொன்றின் கூட்டில் வைப்பது, தேய்ந்த கூட்டை விளிம்பு மழுங்கும்வரை மெருகிடுவது ஆகியவை இன்று பெருவாரியாக நடக்கின்றன.

பாறசாலையை அடுத்த சிற்றூரில் வாழும் என் பெரியப்பாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டிய கடிகாரத்தை உறவினர் ஒருவர் மூலம் வெளியூர்க் கடை ஒன்றிற்குப் பழுது பார்க்க அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துக் கடிகாரம் பளபளவென்று திரும்பி வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் வைத்து இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தார். "மக்களே, பேரு அந்தப் பேருதான். ஆனா இது நம்ம வாச்சு இல்ல" என்றார். கடைக்காரரோ அதே கடிகாரந்தான் என்று சாதித்தார். எடுத்துக் காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருந்தது? என் அக்காளின் கல்யாணக் கூட்டுப் படத்தில் பெரியப்பாவின் மணிக்கட்டில் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிகிறது; அவ்வளவே. முகப்பை நெருங்கி எடுத்த ஒரே ஒரு தெளிவான படம் இருந்திருந்தால் வழக்கு அந்த நிமிஷமே தீர்ந்திருக்கும்.

ஆகவே, கைக்கடிகாரத்தை வீட்டிலேயே முறையாகப் படம் பிடிக்கும் வகையை விளக்குவது பயனுடையது எனக் கருதுகிறேன். பழுது பார்க்கக் கொடுக்குமுன், விற்குமுன், பாகப் பிரிவினைக்கு முன் எடுத்து வைக்க வேண்டிய சாட்சி அது. ஊரில் இருக்கும் பெற்றோருக்கோ தம்பிக்கோ தொலைபேசியில் சொல்லிக்கொடுத்துச் செய்விக்கவும் கூடும்.

"அதற்கென்ன, கைப்பேசியை எடுத்து அமுக்கினால் ஆயிற்று" என்பார் பலர். அமுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பின் நடுவே ஜன்னல் தெரியும். ஒரு மூலையில் மின்விசிறி தெரியும். எல்லாவற்றிற்கும் மேலாகப் படம் எடுப்பவருடைய முகமும் கைப்பேசியும் தெரியும். எழுத்துகள் அவற்றின் அடியில் மறைந்துவிடும். கூட்டின் ஒரு பக்கம் சுட்டெரிப்பதுபோல் வெளுத்தும் மறுபக்கம் கரி பூசினாற்போலக் கறுத்தும் காணும். ஒளி போதவில்லை என்று எண்ணிப் பிரகாசமான விளக்கை அருகில் கொண்டுவந்தால் குறை இன்னும் மிகும்.

காரணம் இதுதான். மாம்பழத்தையோ துணியையோ படம் பிடிக்கும்போது அப்பொருளின் மேற்பரப்பு ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்கிறது. நாம் பொருளையே பார்க்கிறோம். மெருகிட்ட எஃகும் கண்ணாடியும் அவ்வாறு சிதறவிடுவதில்லை. வந்த கோணத்திலேயே ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. எனவே கடிகாரம் என்பது பல சிறு கண்ணாடிகளின் தொகுதி: முகப்புக் கண்ணாடி ஒன்று, கூட்டின் சாய்ந்த விளிம்பு ஒன்று, வார் மாட்டும் காதுகள் நான்கு, பட்டை தீட்டிய முட்கள் இரண்டு அல்லது மூன்று. ஒவ்வொன்றும் தன் எதிரில் எது இருக்கிறதோ அதையே காட்டும். கடிகாரத்தைப் படம் பிடிப்பவர் உண்மையில் கடிகாரத்தின் சுற்றுப்புறத்தையே படம் பிடிக்கிறார். இந்த ஒரு செய்தியைப் பற்றிக்கொண்டால் ஒளிப்பெட்டியின் தத்துவம் முழுவதும் விளங்கிவிடும். ஒளியைக் கூட்டுவதற்கு ஏற்பட்டதன்று அப்பெட்டி. கடிகாரம் எதைக் காண வேண்டும், எதைக் காணக்கூடாது என்று நாம் விதிப்பதற்கு ஏற்பட்டது.

கடைகளில் மடக்கும் ஒளிப்பெட்டிகள் விற்கின்றன. அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அவற்றுள் மலிவானவை பலவற்றில் சின்னஞ்சிறு எல்.இ.டி. விளக்குகளை மேற்புறத்தில் வரிசையாகப் பதித்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த விளக்குப் புள்ளிகள் ஒவ்வொன்றும் கடிகாரக் கண்ணாடியில் முத்துமாலைபோல் விழும். வீட்டில் செய்வதே மேல். மளிகைக் கடையில் கிடைக்கும் அட்டைப் பெட்டி ஒன்று, ஏறத்தாழ ஒன்றரை அடி நீள அகல உயரமுள்ளதாகப் பார்த்து எடுத்துக்கொள்க. அதன் வாய் நம்மை நோக்கி இருக்குமாறு படுக்க வைத்து, இடப்புறம், வலப்புறம், மேற்புறம் ஆகிய மூன்று பக்கங்களிலும் ஓரத்தில் மூன்று விரற்கடை விட்டு நடுவைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். அச் சன்னல்களின்மேல் வெள்ளைத் துணியை இழுத்து ஒட்ட வேண்டும். உள்ளே பின்சுவரின் உச்சியிலிருந்து தரைவரை ஒரே வெள்ளைச் சார்ட் அட்டையைத் தொங்கவிட்டு, அடியில் மடிப்பு விழாமல் வளைத்து முன்னால் கொண்டுவர வேண்டும். மடித்தால் கோடு தெரியும். வளைத்தால் சுவரும் தரையும் கூடுமிடம் கண்ணுக்குப் புலப்படாது.

துணி விஷயத்தில் இப்பகுதி மக்கள் கொடுத்து வைத்தவர்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே இருக்கிறது பலராமபுரம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தாருக்குத் துணி நெய்வதற்காகத் தென் திசையிலிருந்து அழைத்துவந்து குடியேற்றப்பட்ட தமிழ்ச் சாலியர் குடும்பங்களால் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே குழித்தறியில் நெய்யும் மெல்லிய பருத்தி முண்டும் நேரியதும் புவிசார் குறியீடு பெற்றவை. ஒளியைச் சல்லடைபோல் சலித்துப் பரப்புவதற்கு இதைவிட நல்ல துணி கிடைப்பது அரிது: இழை சீராக இருக்கும், பளபளப்பு இராது, பாலியெஸ்டர் துணியைப்போல் இடையிடையே ஒளிப் பொட்டுகளைக் கசியவிடாது. ஆயினும் ஓர் எச்சரிக்கை. பலராமபுரத் துணி சலவைக் காரம் ஏற்றி வெளுக்காதது. இயற்கைப் பருத்தியின் சந்தன வெண்மை உடையது. அதன் வழியே வரும் ஒளியும் சிறிதே மஞ்சளிக்கும். காமிராவில் வெண்மைச் சமன் என்று ஓர் அமைப்பு உண்டு. பெட்டிக்குள் வெள்ளைத் தாளை வைத்து, இதுதான் வெண்மை என்று காமிராவுக்குக் காட்டிவிட்டால் மஞ்சள் நீங்கிவிடும். கசவுக் கரையைச் சன்னலுக்கு வெளியே தள்ளி ஒட்டுவதற்கு மறக்கலாகாது. சரிகையின் கோடு கடிகாரத்தின் விளிம்பில் பொன் இழையாய் ஓடும். டில்லியிலோ புனேயிலோ இருப்போர் பழைய வெள்ளை வேட்டியைப் பயன்படுத்தலாம்; நீலம் போட்ட வேட்டி மட்டும் வேண்டா.

அடுத்தது விளக்கு. ஒரே அளவும் ஒரே வகையுமான எல்.இ.டி. விளக்கு இரண்டை இடமும் வலமுமாகத் துணிக்கு வெளியே வைத்தால் போதும். ஒன்று வெண்ணிறமும் ஒன்று மஞ்சள் நிறமுமாக இருந்தால் எஃகு ஒரு பக்கம் பித்தளையாகத் தோன்றும். அதை எந்த அமைப்பாலும் திருத்த இயலாது. பெட்டியின் அட்டையில் 6500 கெல்வின் என்று அச்சிட்ட பகலொளி விளக்குகள் ஏற்றவை. படம் பிடிக்கும் நேரத்தில் அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும். விளக்கைத் துணியோடு ஒட்டி வைத்தால் துணியில் சிறு வட்டம் மட்டுமே ஒளிரும். ஓரடி விலக்கினால் துணி முழுவதும் ஒளிரும். ஒளிரும் பரப்பு பெரிதாகப் பெரிதாக நிழல் மென்மையாகும். ஆனால் தூரத்தை இரட்டித்தால் ஒளி பாதியாவதில்லை, கால்பங்காகிவிடும் என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். இன்னொன்று: நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. மலிவான விளக்குகள் அதனால் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண் அதை அறியாது, காமிரா அறியும். படத்தில் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடினால் காரணம் இதுவே. திறப்பு நேரத்தை விநாடியில் நூறில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு என வைத்தால் பட்டைகள் அகலும்.

மின்விளக்கே இன்றிச் செய்ய விரும்புவோருக்கு ஜன்னலொளி இருக்கிறது. புகைப்பட நூல்கள் வடக்கு ஜன்னலைப் புகழும். வெயில் நேரே விழாது என்பது காரணம். அந்நூல்களை எழுதியவர்கள் பாறசாலையில் வசித்தவர்கள் அல்லர். பாறசாலை நிலநடுக்கோட்டுக்கு எட்டரை பாகைக்கும் குறைவான தூரத்தில் உள்ளது. ஏப்ரல் இரண்டாம் வாரத் தொடக்கத்திலிருந்து ஆகஸ்டு முடிவுவரை நண்பகல் சூரியன் அங்கே உச்சிக்கு வடக்கே நிற்கிறது. அம்மாதங்களில் வெயில் விழும் பக்கம் வடக்கு. விழாத பக்கம் தெற்கு. டில்லியில் நண்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே போவதில்லையாதலால், கோடையின் காலை மாலைச் சாய்வெயில் நீங்கலாக, நூலின் வாக்கு அங்கே பலிக்கும். பாறசாலைக்காரர்க்கு வேறோர் ஈடு இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அப்பகுதிக்கு உண்டு. மேகம் மூடிய வானம் அடிவானத்திலிருந்து அடிவானம்வரை விரித்த ஒரே வெள்ளைத் துணி போன்றது. மழை ஓய்ந்த இடைவேளையில், தாழ்வாரத்தின் விளிம்பில் வைத்து எடுத்த படத்திற்கு நிகராக எந்த விளக்கும் தருவதில்லை என்பது என் துணிபு.

இவ்வளவும் செய்து முதற் படத்தை எடுத்ததும் ஏமாற்றம் உண்டாகலாம். பிரதிபிம்பங்கள் மறைந்திருக்கும், ஆனால் கடிகாரமும் உயிரற்று, அலுமினியத் தகடுபோல் சப்பென்று தோன்றும். சுற்றிலும் வெண்மையே இருந்தால் எஃகு எல்லாப் பக்கமும் வெண்மையையே காட்டும். விளிம்பு எங்கே முடிகிறது, காது எங்கே வளைகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமாயின் கறுப்பும் வேண்டும். இங்கேதான் கைத்திறன் தொடங்குகிறது. கறுப்புச் சார்ட் அட்டையில் இரண்டு விரல் அகலமுள்ள துண்டுகள் நாலைந்து வெட்டிக்கொண்டு, ஒன்றைக் கடிகாரத்தின் இடப்புறத்தில், படத்தின் எல்லைக்குச் சற்று வெளியே நிறுத்திப் பாருங்கள். கூட்டின் சரிந்த விளிம்பில் கருங்கோடு ஒன்று பளிச்சென்று எழும். துண்டை நகர்த்தினால் கோடும் நகரும். அகலத்தைக் குறைத்தால் கோடு மெலியும். கண் மைபோல் அக்கோடு கடிகாரத்தின் வடிவை எடுத்துக் காட்டும். கம்பெனி விளம்பரங்களில் எஃகு எஃகாகத் தோன்றுவதன் ரகசியம் பெரும்பாலும் இக் கறுப்புத் துண்டுகளே. எத்தனை துண்டுகள், எங்கே என்று சூத்திரம் கூற முடியாது. காமிராவின் வழியே பார்த்துக்கொண்டே ஒருவர் நகர்த்த, மற்றொருவர் "போதும், நிறுத்து" என்று சொல்வதே வழி. வீட்டில் சிறுவர் இருந்தால் இவ்வேலைக்கு மிகவும் உகந்தவர்கள்.

முகப்புக் கண்ணாடியில் காமிராவே தெரிகிறதே என்றால், கறுப்பு அட்டையின் நடுவில் லென்ஸ் அளவுக்குத் துளையிட்டு, அத்துளை வழியே எடுக்க வேண்டும். கறுப்பு பிரதிபலித்தால் முகப்பு மங்காது, ஆழமாகவே தெரியும். அப்படியும் லென்ஸின் வட்டம் விழுந்தால் கடிகாரத்தைச் சிறிதே சாய்க்கலாம். கண்ணாடியை 10 பாகை சாய்த்தால் பிரதிபிம்பம் 20 பாகை விலகும். ஆகவே மிகச் சிறு சாய்வே போதுமானது. இது தட்டையான கண்ணாடிக்குப் பொருந்தும். பழைய எச்.எம்.டி. கடிகாரங்களில் பல, குமிழ்போல் எழும்பிய அக்ரிலிக் கண்ணாடி உடையவை. குமிழ் எல்லாத் திசைகளையும் ஒருங்கே காணும். அதில் பிரதிபிம்பத்தை அடியோடு ஒழிக்க முடியாது. எண்களைத் தொடாமல் ஓரத்திற்குத் தள்ளி வைப்பதே செய்யக்கூடியது. துருவமுனைப்பு வடிகட்டி என்னும் போலராய்டுக் கண்ணாடியை லென்ஸில் மாட்டினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் கூறுவர். அது கண்ணாடிமேல் படும் பளபளப்பை, ஒளி ஏறத்தாழ 56 பாகைச் சாய்வில் படும்போதுதான் நன்றாக அகற்றும். நேருக்கு நேர் எடுக்கும் முகப்புப் படத்தில் பயன் சொற்பம். உலோகத்தின் பளபளப்பையோ அது அநேகமாகத் தொடுவதே இல்லை.

முட்களை எங்கே நிறுத்துவது? உலகெங்கும் விளம்பரக்காரர் 10 மணி 10 நிமிஷத்தை ஒட்டி நிறுத்துகிறார்கள். பெரிய தலைவர் ஒருவர் காலமான நேரம் அது என்று வாய்க்கு வாய் ஒரு கதை வழங்குகிறது, அதில் உண்மையில்லை. பன்னிரண்டின் கீழே அச்சிட்ட பெயரை இரு முட்களும் மறைக்காமல் இருபுறமும் தாங்கி நிற்பதும், இடமும் வலமும் சமமாக இருப்பதுமே காரணம். முன்காலத்து விளம்பரங்களில் 8 மணி 20 நிமிஷமும் வழங்கியது. அது தொங்கிய மீசையைப்போல் வாட்டமாகத் தோன்றும். 10 மணி 10 நிமிஷம் காட்டும் கடிகாரம் புன்னகை புரிவதாகத் தோன்றுகிறது, பார்ப்பவர் மனமும் சிறிது மகிழ்கிறது என்று 2017இல் வெளிவந்த உளவியல் ஆய்வு ஒன்று தெரிவிக்கிறது. விநாடி முள்ளைப் பொறுத்தவரை, சாவியை வெளியே இழுத்தால் சில கடிகாரங்களில் அது நின்றுவிடும். சிலவற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும் கடிகாரமானால் சாவி தீர்ந்து தானாக நிற்கும்வரை காத்திருந்து, பிறகு முட்களைத் திருப்பி வைப்பது நலம். தேதி காட்டும் கடிகாரமாயின் இரவு 9 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட நிலையில் முட்கள் இருக்கும்போது தேதியைத் திருகக் கூடாது. உள்ளிருக்கும் பற்சக்கரம் கெட்டுவிடக்கூடும்.

காமிராவைப் பற்றி நெடுகப் பேச வேண்டியதில்லை. கைப்பேசி போதும். ஆனால் சாண் தூரத்திற்கும் குறைவாக நெருங்கி எடுத்தால், அகன்ற கோண லென்ஸின் இயல்பினால் கடிகாரத்தின் நடுப்பகுதி உப்பி, காதுகள் சிறுத்துத் தோன்றும். ஒன்றே கால் அடி விலகி, இருமடங்கு பெரிதாக்கும் நிலையில் வைத்து எடுக்க வேண்டும். சில கைப்பேசிகள் நெருங்கிய பொருளைக் கண்டதும் தாமாகவே வேறு லென்ஸுக்கு மாறிக்கொள்ளும். அதை அமைப்பில் தடுக்கலாம். தனிக் காமிரா வைத்திருப்போர் துளை எண்ணை 8க்கும் 11க்கும் இடையே வைத்தால் முகப்பும் முள்ளும் ஒருங்கே தெளியும். 16க்கு மேல் போனால் ஒளி வளைந்து படம் முழுவதும் சற்றே மசங்கும். எதுவாயினும் கையில் பிடிக்காமல் நிறுத்தியில் பொருத்தி, இரண்டு மூன்று விநாடி தாமதித்து எடுக்கும் வசதியைப் பயன்படுத்துக. இன்னொரு நுட்பம்: காமிரா தன்முன் காண்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணி அளவிடும். பெட்டி முழுவதும் வெண்மையாதலால் அது ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். ஒரு படி ஒளியைக் கூட்டி வைத்தால் வெண்மை வெண்மையாகும்.

தூசி எந்த அளவுக்குத் தெரியும் என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் நம்புவீர்கள். கடிகாரம் பழுது பார்ப்போர் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் ஊதி, மூக்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் துளி படியும். வார் தொங்கிக் கிடக்காமல் வட்டமாக நிற்க, மணிக்கட்டளவுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டை நீளவாக்கில் அறுத்து உள்ளே மாட்டலாம்.

அழகுப் படம் ஒன்று எடுத்ததோடு காரியம் முடிந்ததாகாது. சாட்சிக்கு வேண்டிய படங்கள் வேறு. முகப்பை நேராக எடுத்த படத்தில், நிமிஷக் கோடுகள் எண்களோடு ஒத்து நிற்கின்றனவா, எழுத்தின் ஓரம் கூர்மையா, அடியிலுள்ள பொடி எழுத்துகள் எவை, வண்ணத்தில் எந்த இடத்தில் கறை என்பனவெல்லாம் தெரிய வேண்டும். மறுபடி பூசிய முகப்பு முதலில் தவறுவது இப்பொடி எழுத்துகளில்தான். பக்கவாட்டிலிருந்து ஒன்று எடுத்தால் கூட்டின் தடிப்பும் சாவியின் வடிவும் பதியும். பின்மூடியில் வெட்டியிருக்கும் எண்ணே மிக முக்கியமானது. அதற்கு ஒளிப்பெட்டி உதவாது. நாற்புறமும் பரவிய ஒளியில் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். ஒரே விளக்கைத் தரையோடு தரையாகத் தாழ்த்திப் பக்கத்திலிருந்து சாய்ந்த ஒளி விழச் செய்தால் எழுத்தின் ஓரங்களில் நிழல் விழுந்து எண் துலங்கும். கோயிற் சுவரில் நண்பகலில் புலப்படாத கல்வெட்டு மாலை வெயிலில் வாசிக்கக் கிடைப்பது இம்முறையாலேயே. இதே சாய்ந்த ஒளியில் கண்ணாடிக் கீறல்களும் கூட்டின் வடுக்களும் தெரியும். விற்பதற்காக எடுப்போர் இப்படத்தை விட்டுவிடுவர்; வாங்குவோர் இதையே முதலில் கேட்க வேண்டும். பற்பசையால் தேய்த்து அக்ரிலிக் கீறலைப் போக்கும் பழக்கம் உண்டு. படம் எடுத்து முடிக்கும்வரை அதற்கு அவசரமில்லை; எந்தக் கீறல் எங்கே இருந்தது என்பதும் அடையாளந்தான். மெஷினின் படத்திற்காக நாமே பின்மூடியைத் திறக்க முயல்வது ஆகாது. பழுது பார்ப்பவர் திறக்கும்போது நம் எதிரிலேயே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், நேர்மையான தொழிலாளி எவரும் மறுப்பதில்லை.

சாட்சிப் படங்களில் அன்றைய தேதியைக் கையால் எழுதிய துண்டுச் சீட்டும், சிறு அளவுகோலும் கடிகாரத்தின் பக்கத்தில் இருக்கட்டும். யாருடையது, எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்ற விவரத்தைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிப் படங்களோடு சேர்த்துவிட வேண்டும். ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுப் பொடி எழுத்துகள் கரைந்துபோகும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பிரதி ஊரிலும் ஒரு பிரதி நம்மிடமும் இருக்கட்டும்.

கடைசியாக ஈரம். இரண்டு பருவமழை பெய்யும் நாட்டில் கடிகாரத்திற்கும் லென்ஸிற்கும் பகை ஒன்றே. லென்ஸின் உட்பரப்பில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்தால் துடைத்துப் போக்க வழியில்லை. முகப்பில் அது புள்ளி புள்ளியாகக் கறுக்கும். தோல் உறையிலும் துணிப் பையிலும் மூடி வைப்பதால் ஈரம் தங்கிக் கேடு மிகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, கடிகாரத்தை அதில் வைக்கலாம். நிறம் மாறும் ஜெல்லாயின், மாறியதும் மிதமான சூட்டில் காய்ச்சி மறுபடி பயன்படுத்தலாம். அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கம் வேண்டா. அதன் மாவுத் தூசி சாவித் திருகின் இடுக்கில் புகுந்துவிடும். அட்டைப் பெட்டியையும் மழைக்காலத்தில் வைத்துக் காப்பாற்ற முயல வேண்டியதில்லை. கரையான் வரும், வேறு பெட்டி கிடைக்கும். துணியை மட்டும் மெல்லப் பிரித்தெடுத்துப் பசை போகத் துவைத்து நிழலில் உலர்த்தினால், பலராமபுரத்து முண்டு மறுபடி உடுத்துவதற்கு ஆகும்.